முதல் அவுட் கணக்கில் வராது

மிஷின்காரருக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துணி துவைக்கும் மெஷின் ஒன்றைக் குப்புறப் போட்டு வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். கழற்றிய திருகாணிகளை எங்கே வைத்தோம் என்று மூன்று தடவை தேடினார். மூன்று தடவையும் அவை அவர் சட்டைப் பையிலேயே இருந்தன. எல்லாம் அந்த ஒரு போனால் வந்தது.

போனில் பேசியது கல்வி அதிகாரி அம்மா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் நேரில் வந்து பார்த்து அனுமதியைப் புதுப்பித்துத் தருகிறவர்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வரேங்க. இந்தத் தடவை பையனோட சேர்த்து அவனோட ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரையும் பார்க்கணும். அதான், ராக்கெட், டமாரம், கட்டெறும்பு. கட்டெறும்புக்கு அம்மை இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சும்மா, நல்லா இறங்கிடுச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார். கட்டெறும்பு என்று ஒரு பையன் உலகத்திலேயே கிடையாது. ராக்கெட்டும் கிடையாது, டமாரமும் கிடையாது. மூன்று பேரையும் பெற்றுப் போட்டது மிஷின்காரருடைய பேனா.

முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும். மிஷின்காரர் நல்ல மனுஷர். ஒரே மகன் சின்னு மேல் உயிரையே வைத்திருந்தார், கோளாறும் அங்கேதான் இருந்தது. சின்னு ரெண்டாம் வகுப்புப் படிக்கிறபோது ஒரு சாயந்திரம் சட்டை முதுகில் பேனாவால் 'கழுதை' என்று எழுதியிருக்க வீட்டுக்கு வந்தான். யார் எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எழுதியிருப்பதே தெரியாது. சிரித்துக்கொண்டே வந்து தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டான். பற்றி எரிந்தது அப்பாவுக்குத்தான்.

அவர் பதினொரு வயதில் ஒரு பாடு பட்டிருந்தார். கூடப் படித்த நாலு பேர் அவரை ஆய்வுக்கூட அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். மத்தியானம் முழுக்க உள்ளேயே கிடந்தார். கத்தியதில் தொண்டை கட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும், வகுப்பில் ஒருத்தர்கூட அவரைக் காணோம் என்று தேடவில்லை. முப்பது வருஷமாகியும் அதுதான் ஆறவில்லை. சட்டை முதுகைப் பார்த்த அடுத்த நாளே போய் மகன் பெயரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எழுதினது அவன் முதுகுல. அரிக்கிறது மட்டும் உங்களுக்கா?" என்று கேட்டாள் அவர் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், தெருவில் டிரைவரம்மா என்றால்தான் தெரியும். "என் பஸ்ல தினமும் அறுபது பசங்க ஏறுறானுங்க. ஒருத்தன் சட்டையும் ஒழுங்கா இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கானுங்க."

மிஷின்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது மாடியில் இருந்த அவர் வீட்டு முன்னறையில் பாதி பட்டறை, பாதி வகுப்பறை. காலையில் கணக்கு, மத்தியானம் மெஷின்களைப் பிரித்துப் போட்டு அறிவியல், சாயந்திரம் மொட்டை மாடியில் கிரிக்கெட். சொல்லிக்கொடுப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பதினொரு வயதில் சின்னு ஒரு மோட்டாரைக் காதால் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். இரவு படுக்கும் முன் அன்றைக்கு நடந்ததை எல்லாம் அப்பாவிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பான். அப்பா கூடவேதான் இருந்தார், அவருக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் ஒப்பிப்பான். அவருக்கு அந்த நேரம்தான் உலகத்திலேயே பிடித்த நேரம்.

அதிகாரி அம்மா முதல் வருஷமே ஒரு குறை சொன்னார். மாசா மாசம் அவருக்கு அனுப்பிக் காட்ட வேண்டிய பாடக் குறிப்பு நோட்டில் 'ஒத்த வயதுப் பிள்ளைகளுடன் செலவிட்ட நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வருஷம் முழுக்கக் காலி. "இப்படியே இருந்தா அனுமதி கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே கட்டம் நிரம்ப ஆரம்பித்தது. 'மாலை நான்கு முதல் ஐந்து வரை ராக்கெட்டுடன் பந்து விளையாட்டு.' நிஜப் பெயரை எழுதினால் விசாரிப்பார்கள் என்று பட்டப்பெயராகவே எழுதினார். எழுத எழுத மனுஷருக்கு ருசி தட்டிவிட்டது. டமாரம் சத்தமாகப் பேசுகிறவன். ராக்கெட் ஓட்டக்காரன். கட்டெறும்பு குள்ளன், ஆனால் கோபக்காரன். மூன்று பேருக்கும் ஒரு தடவை சண்டை மூட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சேர்த்து வைத்தார். கட்டெறும்புக்கு அம்மை போட்டுவிட்டார்.

"அம்மை கண்ட பிள்ளையை வீட்டுக்குள்ள விட்டீங்களா?" என்று டிரைவரம்மா ஒரு நாள் நோட்டைப் பார்த்துக் கேட்டபோது, "நான் எங்க விட்டேன், வாசல்லயே அனுப்பிட்டேன்" என்று வாய் தவறிச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது அந்த மூன்று பேரையும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தவேண்டும், பன்னிரண்டு நாளில். இல்லையென்றால் சின்னுவைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ளும். அந்த நினைப்பு வந்தாலே அலமாரியின் இருட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"மூணு பசங்களைத் தேடணும்."

"பெத்தது நீங்க. தேடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு காலியிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கே வந்து கத்திக்கொண்டு கிடப்பார்கள். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போனாலே மிஷின்காரர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு எட்டி நடை போடுவார். இன்றைக்குச் சட்டைப் பை நிறைய மிட்டாயோடு தானே போய் நின்றார். வளர்ந்த ஆள் ஒருவர் மிட்டாயை நீட்டிக்கொண்டு "தம்பிங்களா, இங்க வாங்க" என்று கூப்பிட்டால் சும்மா விடுவார்களா? மூன்றாவது மாடியிலிருந்து ஒரு அம்மா, "யாருய்யா அது? பிள்ளைங்ககிட்ட என்ன வேலை?" என்று போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"நான்தாங்க, மிஷின்காரன்! உங்க வீட்டு மெஷினுக்கு பம்ப் மாத்தினேனே!"

"அதுலேர்ந்து இன்னும் தண்ணி ஒழுகுது, தெரியுமில்ல?"

அந்தப் பம்பைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் அந்த அம்மாவின் மகனோடு பேச அனுமதி கிடைத்தது. குண்டுப் பையன். அவனோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு பேர், வாயாடி ஒருவன், வாண்டு ஒருவன். மிஷின்காரர் விஷயத்தைச் சொன்னார். தினமும் சாயந்திரம் சின்னுவோடு விளையாட வேண்டும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, மூணு வருஷமாகப் பழக்கம் என்று ஒரு அம்மாவிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

"ராக்கெட் யாரு?" என்று குண்டுப் பையன் கேட்டான்.

"அது ஓடுறவன். நீ டமாரமா இருந்துக்கோ."

"முடியாது. நான்தான் ராக்கெட்." அவன் அதில் பிடிவாதமாக இருந்ததால் ஓட முடியாதவன் ராக்கெட் ஆனான், வாயாடி டமாரம் ஆனான். வாண்டு கட்டெறும்பு ஆனான், அவன் உயரத்துக்குச் சரியான பெயர். கூலியாக அவர்கள் கேட்டது மிட்டாய் இல்லை. பட்டறை வாசலில் கிடந்த இரண்டு பழைய மெஷின் டிரம்களைக் கேட்டார்கள், ஸ்டம்புக்கு வைத்துக்கொள்ள. பந்து பட்டால் டணங்கென்று கேட்குமாம், அப்புறம் ஒருத்தனும் அவுட் இல்லை என்று பொய் சொல்ல முடியாதாம்.

முதல் நாள் சின்னு தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தான். "வணக்கம். நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றான். அவன் இதுவரை அதிகமாகப் பேசியதெல்லாம் மெஷின் கொண்டுவரும் வாடிக்கையாளர்களிடம்தான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருக்கோம் சார்" என்றான் டமாரம். அன்றோடு சின்னுவுக்கு சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

மட்டையைக் கொடுத்தார்கள். இரண்டாவது பந்திலேயே டிரம் டணங்கென்றது. சின்னு நகரவில்லை. மட்டையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராக நின்றான்.

"டேய் சார், அவுட்டுடா!"

"முதல் அவுட் கணக்கில் வராது" என்றான் சின்னு, ரொம்பப் பணிவாக. "நாலாவது விதி."

"எந்த ஊர் விதிடா அது?"

"வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

மொட்டை மாடியில் அப்பாவும் மகனும் விளையாடுவதற்கென்று மிஷின்காரர் பதினாலு விதி எழுதி வைத்திருந்தார். முதல் அவுட் கணக்கில் வராது. பந்து மாடியைத் தாண்டினால் அப்பாதான் போய் எடுக்க வேண்டும். அழுகை வந்தால் ஆட்டம் நிறுத்தி வைக்கப்படும். அதெல்லாம் அவர் தன் கைப்படச் செய்த விதி என்று பிள்ளைக்குத் தெரியாது. உலகத்தில் கிரிக்கெட் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மிஷின்காரர் முகம் சிவந்து, எழுந்து இரண்டடி வந்துவிட்டார். ஆனால் சின்னு அழவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தான். "அப்போ முதல் அவுட்டே அவுட்டா?" என்று கேட்டான்.

"பின்ன?"

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்டா!"

"அப்ப சரி" என்று மட்டையைக் கட்டெறும்பிடம் கொடுத்தான். அப்பாவுக்கு அந்த 'அப்ப சரி' எங்கேயோ சுருக்கென்று தைத்தது. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

அதற்குப் பிறகு நாள் ஓடியதே தெரியவில்லை, சின்னுவுக்கு. அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். ஸ்டூலில் உட்காருவார், எழுந்திருப்பார். "பந்தை மெதுவாப் போடுங்கப்பா" என்பார். "தண்ணி குடிச்சியா கண்ணா?" என்பார். டமாரம் ஒவ்வொரு தடவையும் கண்ணை உருட்டுவான். ஐந்தாம் நாள் சின்னு பட்டறையில் கழலாத ஒரு திருகாணியைப் பார்த்து "போடா டேய்" என்றான். மிஷின்காரர் அதிர்ந்து போனார். டிரைவரம்மாவோ சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் ஓடிவந்து, "இன்னொரு தடவை சொல்லுடா" என்றாள்.

"சிரிக்கிறியா? பிள்ளை கெட்டுப்போறான்."

"கெடட்டும். இத்தனை நாள் நம்ம வீட்ல ஒரு சின்ன ஆபீசர்தான் குடியிருந்தான். இன்னிக்குத்தான் நமக்கு ஒரு பிள்ளை பொறந்த மாதிரி இருக்கு."

அன்றிரவு சின்னு எதையும் ஒப்பிக்காமல் களைத்துத் தூங்கிப்போனான். மிஷின்காரர் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை, அதாவது அதிகாரி அம்மா வருவதற்கு முதல் நாள்தான், அது நடந்தது. ராக்கெட் ஓடி வந்து சேர்வதற்குள் சின்னு டிரம்மில் பந்தை எறிந்துவிட்டான். ராக்கெட் அவுட் இல்லை என்றான், சின்னு அவுட் என்றான். "நீ சும்மா இருடா சார்" என்று ராக்கெட் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். சின்னு திருப்பித் தள்ளினான். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு பேரும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். சின்னுவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ராக்கெட்டின் காது சின்னுவின் கையில் இருந்தது.

மிஷின்காரர் ஸ்டூல் கவிழப் பாய்ந்தார். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவில்லை. ராக்கெட்டின் காலரைப் பிடித்துத் தூக்கி, "ரௌடிப் பசங்களா! என் பிள்ளை மேல கை வைக்கிறியா? நாலு பேர் சேர்ந்துகிட்டா என்ன வேணா பண்ணலாம்னு நினைப்பா?" என்று கத்தினார். அங்கே நாலு பேர் இல்லை, ஒருத்தன்தான் இருந்தான். ராக்கெட்டுக்கு அழுகை வந்துவிட்டது. "இனிமே எவனாவது என் வீட்டுப் பக்கம் தலை காட்டினீங்க..." என்று விரலை ஆட்டிவிட்டு, போகிற போக்கில் இரண்டு டிரம்களையும் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டார். நாற்பத்தோரு வயது ஆள், குழந்தைகளோடு கோபித்துக்கொண்டு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து உதட்டுக்கு மருந்து போடக் கிட்டே போனார். சின்னு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவன் என்னைத் தள்ளினான், நான் அவனைத் தள்ளினேன். அது எங்க சண்டை. நீ ஏன்பா வந்த?"

"ரத்தம் வருதுடா கண்ணா!"

"வந்தா என்ன? ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நேத்து டமாரமும் கட்டெறும்பும் இதைவிடப் பெருசா போட்டாங்க, அப்புறம் ஒரே சைக்கிள்ல வீட்டுக்குப் போனாங்க. இப்ப நீ வந்துட்ட. இனிமே அவங்க என்கூடப் பேசவே மாட்டாங்க." குரல் உடைந்து போனது. "எனக்கு மூணு பேர்தான் இருந்தாங்க. மூணு பேரையும் துரத்திட்ட."

அவர்கள் வெறும் பேச்சுக்குக் கூட்டி வந்தவர்கள்தானே என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சின்னு சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். டிரைவரம்மா வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அவள் திட்டவில்லை. "அலமாரிக்குள்ள இருந்தது நீங்க. கதவைத் திறந்தாச்சு, வெளிய வாங்களேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சரியாக அதிகாரி அம்மா வந்தார். டிரைவரம்மாவுக்குக் காலை வண்டி, வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மட்டும். அதிகாரி அம்மா முதலில் சின்னுவின் வீங்கிய உதட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கணக்குக் கொடுத்தார், போட்டான். படிக்கச் சொன்னார், தண்ணீர் ஓடுவது போலப் படித்தான். ஒரு மெஷின் ஏன் துணியைப் பிழிகிறபோது மட்டும் ஆடுகிறது என்று கேட்டார். அவன் பத்து நிமிஷம் விளக்கியதில் அவர் தன் வீட்டு மெஷினுக்கும் சேர்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

"படிப்புல ஒரு குறையும் இல்ல. சரி, ஃப்ரெண்ட்ஸ் எங்க?"

மிஷின்காரர் தொண்டையைச் செருமினார். "அதும்மா... மூணு பேரும் வெளியூர்..."

"மூணு பேருமா?"

"கீழதான் இருக்காங்க" என்றான் சின்னு. "ஜன்னல் வழியாப் பார்த்தேன். அப்பா மேல கோபம், அதான் மேல வரல. நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"நானும் வரேன்" என்று மிஷின்காரர் எழுந்தார். "நீங்க உட்காருங்க" என்றார் அதிகாரி அம்மா. உட்கார்ந்தார். அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டபோது உயிர் வந்தது. ஆனால் வந்தது சின்னு மட்டும்தான்.

"அப்பா சாரி சொன்னா பேசுவாங்களாம்."

"சொல்லிடறேன்டா, வரச்சொல்லு."

"நீ கீழ வந்து சொல்லணுமாம். டிரம்மும் வேணுமாம்."

மிஷின்காரர் அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். இரண்டு டிரம்மையும் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினார். கீழே மூன்று பேரும் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றார்கள், பெரிய பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் மாதிரி. மிஷின்காரர் டிரம்களைக் கீழே வைத்தார்.

"தப்புதான்பா. உன் காலரைப் பிடிச்சிருக்கக் கூடாது. ரௌடின்னு சொன்னதும் தப்பு. மன்னிச்சிடு." சொல்ல ஆரம்பித்தபோது அது மேலே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்காகச் சொன்னது. சொல்லி முடிக்கும்போது அப்படி இல்லை. ராக்கெட்டின் காது இன்னும் சிவந்திருந்தது. அவன் யாரையும் அலமாரிக்குள் பூட்டுகிற பையன் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனும் ஒரு பிள்ளைதான்.

"பரவால்ல அங்கிள்" என்றான் ராக்கெட்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் டமாரம். "இனிமே நீங்க கிரவுண்டுக்கு வரக்கூடாது. ஸ்டூல் போட்டு உட்காரவும் கூடாது."

மிஷின்காரருக்குச் சுர்ரென்றது. "யார்ரா சொன்னது அது?"

டமாரம்கூடப் பேசவில்லை. கட்டெறும்பு மட்டும் ஓரக்கண்ணால் சின்னுவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று செருப்பைப் பார்த்துக்கொண்டான். தலை குனிந்து நின்ற சின்னு நிமிர்ந்தான்.

"நான்தான்பா."

இதை அவன் வீட்டில் தனியாக அவரிடம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். மூன்று பேர் பக்கத்தில் நின்றதால்தான் வாய் வந்தது. அவருக்கு அது நன்றாகவே புரிந்தது.

"சரிடா" என்றார்.

அவ்வளவுதான். டிரம்மைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் ஓடிவிட்டார்கள். மேலே ஒரு அதிகாரி காத்திருப்பது அவர்களுக்கு ஞாபகமே இல்லை. ராக்கெட்தான் கடைசியாக ஓடினான்.

மிஷின்காரர் தனியாகப் படியேறி வந்தார்.

"எங்க?" என்றார் அதிகாரி அம்மா.

"விளையாடப் போயிட்டாங்க." அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராக்கெட் முதல் அம்மை வரை நோட்டில் இருந்ததெல்லாம் தான் எழுதிய பொய் என்றார், இந்தப் பசங்கள் வந்தது பதினோரு நாள் முன்னாடி என்றார், சின்னுவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்றார்.

"அம்மை போட்ட பிள்ளை நோட்டுல ரெண்டே நாள்ல பந்து விளையாட வந்தப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார் அவர். பேனாவை மூடினார். "பையனை நல்லா வளர்த்திருக்கீங்க. அதை எழுதுறேன். ஆனா பொய் எழுதின நோட்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த பருவத்துலேர்ந்து பள்ளிக்கூடம்தான். வேணும்னா மேல்முறையீடு பண்ணுங்க, முப்பது நாள் இருக்கு."

அவர் போன பிறகு மிஷின்காரர் மேல்முறையீட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுத எத்தனையோ இருந்தது. ஒரு வரி எழுதினார், அடித்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. யார் கத்துகிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேட்டார். நாலு குரலில் தன் பிள்ளை குரல் எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. செருப்பை மாட்டினார், கழற்றினார். மறுபடி மாட்டினார், வாசல் வரை போய்த் திரும்பினார். பிள்ளை எப்போது வருவான் என்று தெரியாமல் ஒரு மத்தியானத்தை அவர் கழித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டரை மணிக்கு வந்தான். முட்டியில் சிராய்ப்பு, தலையெல்லாம் மண். நேரே அடுப்படிக்குப் போய்த் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வேலை முடிந்து வந்திருந்த டிரைவரம்மா சோறு போட்டாள். மிஷின்காரர் எதிரில் உட்கார்ந்தார்.

"என்னடா விளையாடினீங்க இவ்வளவு நேரம்?"

"சும்மா."

"என்ன பேசிக்கிட்டீங்க?"

"சும்மாதான்பா."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடுகிற பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். டிரைவரம்மா அவர் பக்கம் பார்க்காமல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"அந்தம்மா கையெழுத்துப் போடல" என்றார். "அடுத்த பருவத்துலேர்ந்து ஸ்கூலுக்குப் போகணுமாம். நான் மேல எழுதிப்போட்டா நிறுத்தலாம். எழுதவா?"

சின்னு மெல்லுவதை நிறுத்தினான். "அவங்க படிக்கிற ஸ்கூலா?"

"ஆமா."

"அப்ப எழுதாதே."

யோசிக்கக்கூட இல்லை. மிஷின்காரர் தலையை ஆட்டினார். மடித்து வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கசக்கினார்.

"காலையில நான் கூட்டிட்டுப் போய் விடறேன்."

"தெருமுனை வரைக்கும் வா."

"கேட் வரைக்கும் வரேனே. உள்ள வரல."

"தெருமுனை போதும்பா."

"மழை பெஞ்சா?"

சின்னு இன்னொரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தான்.

"மழை பெஞ்சா கேட் வரைக்கும் வா" என்றான்.

"சரி" என்றார் மிஷின்காரர். அடுத்த பருவம் எந்த மாசம் ஆரம்பிக்கிறது, அந்த மாசம் மழை உண்டா இல்லையா என்று அவர் மனசு அப்போதே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டது.